அடித்தல் திருத்தல் கூடாது

படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்தார்கள். வெளிச்சம் போனதும் நாற்றம் கூடிவிட்டது. வட்டார வள மையத்தின் அந்தக் கூடத்தில் மேடையின் பின்சுவரை ஒட்டியே கழிவறை. காலையில் யாரோ வாளி வாளியாகப் பினாயில் ஊற்றியிருந்தார்கள், அதற்கும் அடங்காமல் பழைய மூத்திர நெடி விசிறிக் காற்றோடு வந்து வந்து போனது. மூலையில் மத்தியானத்துக்கான எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள், எண்ணெய் கசிந்த காகிதத்தோடு. இந்த நெடிக்குள் எழுபது ஆசிரியர்களைச் சனிக்கிழமை அதுவுமாக உட்காரவைத்து, திரையில் பின்லாந்தைக் காட்டுகிறார்கள் என்று நினைத்தபோது வைரக்கண்ணுவுக்குக் காலையில் குடித்த டீ தொண்டைவரை ஏறி இறங்கியது. திரையில் கம்பளத் தரை. அதில் பிள்ளைகள் காலுறையோடு குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே பனி. "ஆசிரியப் பெருமக்களே, இது கனவு இல்ல, இது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்" என்றான் சென்னையிலிருந்து வந்த பேச்சாளன், சட்டைக்கு மேல் கையில்லாத கோட்டுப் போட்டவன். ஒலிவாங்கியை உதட்டோடு வைத்துப் பேசினான். ஒவ்வொரு பகரத்துக்கும் எச்சில் தெறிக்கும் சத்தம் கேட்டது. வைரக்கண்ணு மடியிலிருந்த கோப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அங்கேயேதான் இருந்தது. எங்கே போய்விடும்? அதற்குள் சுகிர்தாவின் விண்ணப்பம், நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்துக்கும் முத்திரைக்கும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஒரு மணிக்குள் அது நிரம்ப வேண்டும். ஒரு மணிக்குக் கோட்டுக்காரன் எல்லா விண்ணப்பங்களையும் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

நாலு மாதம். சனவரி முதல் ஏப்ரல் வரை. பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பயிற்சி, போகவர அவர்கள் செலவு, தங்க அவர்கள் இடம். இந்த மாவட்டத்துக்கு ஒரே ஓர் ஆள். சுகிர்தாவுக்குக் கிடைத்துவிடும், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அதனால்தான் இந்தக் கோப்பு மடியில் இவ்வளவு கனக்கிறது. கிடைக்காது என்று தெரிந்தால் நூறு கையெழுத்துப் போடலாம். கீழப்பனங்காடு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்பு, பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் அவர், இன்னொன்று அவள். அவள் போனால் ஒன்று. பின்லாந்து போய் வந்தவளை மறுபடி இந்த ஊரில் விட்டுவைக்கமாட்டார்கள். மே மாதம் அவருக்கு ஓய்வு. ஒன்றிலிருந்து ஒன்று போனால் என்ன என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். மாற்று ஆசிரியர் அனுப்புவோம் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறான். அச்சடிப்பான். அச்சடித்த எத்தனை வாக்குறுதியை அவர் பார்த்திருக்கிறார், எத்தனையை ஒன்றிய அலுவலக வாசலில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார். மாற்று ஆசிரியர் வரமாட்டார், சனவரியில் கணக்கெடுப்பு வரும், ஓராசிரியர் பள்ளி என்று ஒருவன் எழுதுவான், சூன் மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைப்பு என்று ஓர் ஆணை வரும். எட்டு வருசத்துக்கு முன்னால் அதே ஆணையை எதிர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஐந்து நாள் பட்டினி கிடந்தார். ஐந்தாம் நாள் வாயில் ஒருவித இனிப்பு நாற்றம் வந்தது, தன் வாயே தனக்கு அருவருப்பாக இருந்தது, அது நினைவிருக்கிறது. ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பள்ளி நின்றது. மாலை போட்டார்கள். சாமந்தி மாலை, உள்ளே எறும்பு.

"ஒரு மூணாங் கிளாஸ் பிள்ளை இங்கேருந்தே பிரேசில்ல இருக்கிற பிள்ளையோட பேசலாம். எல்லாம் இலவசம். பாடத்திட்டம், வீடியோ, ஆன்லைன் சான்றிதழ், எல்லாம் உங்க கைப்பேசியிலயே இருக்கு. இந்தக் கட்டத்தைக் கைப்பேசிக்குக் காட்டுங்க, அவ்வளவுதான்." திரையில் கருப்பு வெள்ளைச் சதுரம் வந்தது. கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன, சின்னத் திரைகள் ஒளிர்ந்தன, ஏதோ தீபாராதனை நடப்பதுபோல. வைரக்கண்ணு கையைத் தூக்கவில்லை. இவர்களில் பாதிப்பேர் அவரோடு மறியலுக்கு வந்தவர்கள், தடியடியில் ஓடியவர்கள், பதினேழு நாள் ஒரே சிறையில் ஒரே தட்டில் சோறு வாங்கியவர்கள். இப்போது ஒரு சதுரத்துக்குக் கை தூக்குகிறார்கள். அவருடைய பள்ளியிலும் ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது, இரும்பு அலமாரியில் பூட்டி. இணையம் இல்லை. திறந்தால் பின்பக்கம் பல்லி முட்டை. பிரேசில் பிள்ளை வந்து அந்தப் பல்லியோடு பேசட்டும். பக்கத்து நாற்காலியில் ரத்தினவேலு, ஆசிரியர் சங்கத்தின் பழைய வட்டாரச் செயலாளர், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு காதருகே சாய்ந்தார். "என்னா தோழரே, கை தூக்கல? பின்லாந்துல போராட்டம் நடத்த ஆள் இல்லையாம், கூப்புடுறாங்க." வாசனைச் சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த அந்த மூச்சு அவர் கன்னத்தில் ஈரமாகப் பட்டது. "நீ போ. அங்க பனியில துப்புனா உறைஞ்சு போயிடும், தொடைக்கிற வேலை மிச்சம்" என்றார். ரத்தினவேலு சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். "நீங்கதான் அந்தக் காலத்துலயே வேணாம்னவராச்சே." வைரக்கண்ணு கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேண்டாம் என்றவர். அந்தச் சொல்லைத் தொட்டதும் எப்போதும்போல மனம் அங்கே சிக்கிக்கொண்டு நின்றது. முப்பத்தைந்து வருசமாக அது அவருக்கு முன்னால் நடந்துபோகும் சொல். புடாபெஸ்டில் உலக ஆசிரியர் மாநாடு; சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும்; ஓராசிரியர் பள்ளிகளைப் பற்றி நாற்பது பக்க அறிக்கை எழுதிய இருபத்தைந்து வயது வைரக்கண்ணுவைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர், வெளிநாட்டு மோகம் போராளிக்கு ஆகாது, என் மாநாடு இந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார். கூட்டங்களில் அறிமுகப்படுத்தும்போது இதைச் சொல்வார்கள், கை தட்டுவார்கள். அவரும் தலையைக் குனிந்துகொள்வார். சுகிர்தாவிடம்கூடச் சொல்லியிருக்கிறார், போன மாதம், இந்தத் திட்டத்தின் சுற்றறிக்கை வந்த அன்று. அவள் சுண்ணாம்புக் கட்டியை டப்பாவில் போட்டுவிட்டு, "ஏன் சார் வேணாம்னீங்க? போய்ட்டு வந்து போராடியிருக்கலாமே" என்றாள். யாரும் அப்படிக் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருசத்தில் ஒருத்தரும். என்ன பதில் சொன்னார்? மணி அடிக்கச் சொன்னார். அவளே போய் அடித்தாள். அந்தப் பள்ளியில் மணி அடிப்பதும் அவள்தான், முதல் மூன்று வகுப்பும் அவள்தான், சின்னப் பிள்ளைகளை ஒதுங்கக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நின்று கழுவவைப்பதும் அவள்தான்.

கோப்பைத் திறந்தார். படிக்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. படித்தபிறகும் பெரும்பாலும் போட்டதில்லை. திரையின் வெளிச்சம் தாளில் நீலமாக விழுந்தது. மூன்றாம் பக்கத்தில் முதலில் அவர் கண்ணில் குத்தியது வட்டாரக் கல்வி அலுவலரின் பச்சைக் கையெழுத்து. தலைமை ஆசிரியர் போட்ட பிறகு அலுவலர் போட வேண்டும், அதுதான் முறை. இவள் முந்தாநாளே அவரிடம் வாங்கிவிட்டாள், அவர் வழக்கு விசயமாகச் சென்னை போகிறார், திங்கட்கிழமைதான் திரும்புவார் என்று காரணம் சொன்னாள். முறை தலைகீழ். தன்னைக் கடைசியில் வைத்திருக்கிறாள். தான் மறுப்போம் என்று முன்கூட்டியே தெரிந்து செய்த காரியம். தந்திரக்காரி. அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. சங்கத்தில் இருந்திருந்தால் நல்ல செயலாளராக வந்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதும் அந்தப் பாராட்டையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. நான்காம் பக்கத்தில் கட்டுரை. ‘நான் ஏன் செல்ல விரும்புகிறேன்?’ தமிழிலேயே எழுதலாம், அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். மேலே கட்டம் கட்டி அச்சடித்திருந்தது: அடித்தல் திருத்தல் கூடாது, இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அவளுடைய கையெழுத்து உருண்டை உருண்டையாக, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோலவே இருந்தது. ‘எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் சின்னப்பொண்ணு, எழுத்துகளை மனப்பாடமாகச் சொல்லுவாள், ஆனால் சொல்லைக் காட்டினால் வாயை மூடிக்கொள்வாள். அவள் வாய் எங்கே மூடுகிறது என்று ஒரு வருடமாகத் தேடுகிறேன்.’ நல்ல வாக்கியம். அவர் எழுதிய நூற்றுக்கணக்கான துண்டறிக்கைகளில் இப்படி ஒரு வாக்கியம் இல்லை. அவருடைய வாக்கியங்கள் எல்லாம் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும். இது உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறது. சின்னப்பொண்ணு முதல் வகுப்பில் யாரிடம் இருந்தாள்? அவரிடம். சுகிர்தா வருவதற்கு முன்னால், மேல் வகுப்புகளுக்கு வேறோர் ஆசிரியர் இருந்தபோது. அந்த வருசம்தான் ஓய்வூதிய மறியல், இயக்குநரகம் முற்றுகை, மாவட்டம் முழுக்கப் பிரச்சாரப் பயணம். வாரத்தில் எத்தனை நாள் பள்ளியில் இருந்தார்? அந்தக் கணக்கு எதற்கு இப்போது. போராட்டம் யாருக்காக? சின்னப்பொண்ணுக்காகவும்தானே. இல்லை, அவளுக்காக இல்லை. ஓய்வூதியம் சின்னப்பொண்ணுக்கா வரப்போகிறது?

கோட்டுக்காரன் இப்போது நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரோ இருமினார்கள், கோழையைக் கைக்குட்டையில் வாங்கும் சத்தம். அவர் படித்துக்கொண்டே போனார். ‘எங்கள் தலைமை ஆசிரியர் எதிர்க்கத் தெரிந்தவர். அவர் எதிர்க்காமல் இருந்திருந்தால் எங்கள் பள்ளி எப்போதோ மூடப்பட்டிருக்கும். பள்ளி இருக்கிறது என்பதும் அதில் படிப்பு நடக்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதை அங்கே வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்டேன்.’ திரும்பப் படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். காதுக்குப் பின்னால் சூடு ஏறியது. இதைப் பின்லாந்துக்காரன் படிப்பான். கம்பளத்தில் உட்கார்ந்து படிப்பான். பதினேழு நாள் சிறையும், மூன்று குற்றச்சாட்டுக் குறிப்பாணையும், நின்றுபோன ஊதிய உயர்வுகளும், ஐந்து நாள் பட்டினியும் தெரியாத எவனோ ஒருவன், ஓகோ, பள்ளியைக் காப்பாற்றினானாம், பாடம் நடத்தவில்லையாம் என்று படிப்பான். அவளும் அவனும் சேர்ந்து சிரிப்பார்கள். சிரிக்கமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அதுதான் இன்னும் மோசம், அவள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாள். இதை எழுதிய தாளின் கீழேதான் அவருடைய கையெழுத்தையும் கேட்கிறாள். அவர் அச்சகத்தை நினைத்தார், ஏன் என்று தெரியவில்லை. துண்டறிக்கைகளும் மாநாட்டு மலர்களும் அச்சான அந்தப் பழைய அச்சகம், ஈய எழுத்தின் கைப்பு வாடை, பிழை பார்ப்பதற்காக ஈரத்தாளில் எடுத்த மெய்ப்பு. மெய்ப்புத் திருத்துவது எப்போதும் அவர்தான். அச்சுக்கோக்கும் தங்கமுத்து வாயில் பீடியோடு சொல்வார்: "அவசரத்துல ஒரு வரியைக் கோடு போட்டு அடிச்சிட்டா பயப்படாதீங்க வாத்தியாரே. அடிச்சதுக்குக் கீழ வரிசையா புள்ளி வச்சு, ஓரத்துல இருக்கட்டும்னு எழுதிடுங்க. அடிச்சதே இல்லன்னு நான் எடுத்துக் கோத்துக்குவேன்." புடாபெஸ்ட் வருசத்து மாநாட்டு மலரின் மெய்ப்பும் அவரிடம்தான் வந்தது. புடாபெஸ்ட் செல்லும் பிரதிநிதி: ச. வைரக்கண்ணு. அந்தப் பெயரின்மேல் ஒரு சிவப்புக் கோடு. சங்கத் தலைவர் கோதண்டபாணி கையால் போட்ட கோடு, பக்கத்திலேயே அவர் மருமகன் பெயர். மருமகன் ஆசிரியர்கூட இல்லை. வீட்டுப் பெட்டியில் அவருடைய புதுப் பாஸ்போர்ட்டு இருந்தது, தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் புதுசு. தலைவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஒரு வரிசைப் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கலாம், தங்கமுத்து கோத்திருப்பார், அச்சாகியிருக்கும், பிறகு வருவது வந்திருக்கும். வைக்கவில்லை. மெய்ப்பு சரி என்று கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து விடிய விடிய உட்கார்ந்து ‘வேண்டாம் என்றேன்’ என்று ஒரு துண்டறிக்கை எழுதினார். அதுதான் அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது. அந்தப் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரை விழவில்லை. எத்தனை பெரிய ஏமாற்றுக்காரன் நீ என்று யாரும் கேட்டதில்லை, ஏன் சார் வேணாம்னீங்க என்று அந்தப் பெண் கேட்டதைத் தவிர.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு டீக்கு எழுந்தார்கள். வைரக்கண்ணு மடியைப் பார்த்தார். கையில் பேனா இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. யோசனையில் இருக்கும்போது விரல் தானாகச் சிவப்பைத்தான் எடுக்கும், நோட்டுத் திருத்தித் திருத்திப் பழகிய விரல். சின்னப்பொண்ணு வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ‘சரி’ போட்டிருந்தார். அதற்குக் கீழே, பள்ளி இருக்கிறது என்பதும் என்று தொடங்கும் வரியின்மேல், தொடக்கத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை நேராக, அளவுகோல் வைத்ததுபோல ஒரு சிவப்புக் கோடு. தான் போட்டதுதான். போட்டது நினைவில்லை. நினைவில்லையா? கோடு நடுவில் எங்கும் தயங்கவில்லை. தயங்காத கோட்டை நினைவில்லாமல் போட முடியுமா? கோதண்டபாணியின் கோடும் இப்படித்தான் நேராக இருந்தது.

"சார், போட்டாச்சா?" சுகிர்தா இரண்டு காகிதக் கோப்பையோடு வந்து நின்றாள், ஒன்று அவருக்கு. அவர் மூடப் பார்த்தார், அதற்குள் பார்த்துவிட்டாள். கோப்பைகள் இரண்டையும் பக்கத்து நாற்காலியில் மெதுவாக வைத்தாள். சிந்தவில்லை.

"வேணும்னுதானே சார்?"

"இல்லம்மா." உடனே வந்துவிட்டது. பிறகு, "தெரியல" என்றார்.

"வேற படிவத்துல எழுதிடலாம்னா அலுவலர் கையெழுத்துக்கு எங்க போறது? அவர் சென்னையில இருக்காரு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க போடமாட்டீங்கன்னு தெரியும் சார். போடமாட்டேன்னு சொல்லுவீங்க, சண்டை போடலாம்னு இருந்தேன். இப்படி நோட்டு திருத்துற மாதிரி அடிப்பீங்கன்னு நினைக்கல."

"நாலு மாசம் பிள்ளைகளை யாரு பாப்பா?"

"நீங்க சார்" என்றாள். "நீங்கதானே அங்க இருக்கப்போறீங்க?"

அவள் கேட்டதில் நக்கல் இருந்ததா என்று அவர் தேடிப் பார்த்தார். இருந்திருந்தால் சுலபமாக இருக்கும். இல்லை. அவள் நிசமாகவே கேட்டாள். தான் அங்கே இருக்கப்போகிறோம், ஐந்து வகுப்பிலும், நாள் முழுக்க, சின்னப்பொண்ணு வாயை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள், கேட்டு வாங்க ஓர் அதிகாரிகூட எதிரே இருக்கமாட்டான். இதை நினைத்தபோதுதான் இவ்வளவு நேரமும் கூடத்தில் எதைக் கண்டு குமட்டியது என்று தெரிந்தது, பினாயிலும் இல்லை, பின்லாந்தும் இல்லை. பயம். சிறைக்குப் போகும்போது வராத பயம். ஓராசிரியர் பள்ளி என்று நாற்பது பக்கம் எழுதியவன், ஒரு நாள் ஓராசிரியராக இருந்ததில்லை. அவள் கோப்புக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். டீ ஆறி மேலே ஆடை படிந்தது. அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, பார்வையை எடுக்கவும் முடியவில்லை.

"இரு" என்றார். "உக்காரு. மணி என்ன?"

"பன்னண்டே முக்கால்."

சிவப்புப் பேனாவின் மூடியை மறுபடி கழற்றினார். சுகிர்தா சட்டென்று கையைத் தாளின்மேல் வைத்தாள். "சார்."

"கையை எடும்மா. நான் இந்த வேலையை உனக்கு முன்னாலேருந்து செய்றேன்." அவள் எடுத்தாள். அடித்த வரியின் கீழே முதல் சொல்லிலிருந்து புள்ளி வைக்கத் தொடங்கினார். முதல் இரண்டு புள்ளி பெரிதாக விழுந்தன, பிறகு சீராகிவிட்டன. பள்ளி இருக்கிறது என்பதும். புள்ளி, புள்ளி. அதில் படிப்பு நடக்கிறது என்பதும். ஒன்றல்ல என்பதை. ஒவ்வொரு சொல்லின் அடியிலும் பேனாவை நிறுத்தி அழுத்தினார், தவிர்த்துவிட்டுத் தாண்டிப்போக வழியில்லாத ஒரு வேலை அது, வரியை முழுக்க, சொல் சொல்லாகப் படித்துக்கொண்டுதான் வைக்க முடியும். முற்றுப்புள்ளிக்குக் கீழேயும் ஒன்று வைத்தார். ஓரத்தில் எழுதினார்: இருக்கட்டும். பிறகு நீலப் பேனாவை எடுத்து, அடித்ததும் திருத்தியதும் நானே, விண்ணப்பதாரர் அல்ல என்று எழுதி, கையெழுத்து, தேதி, பையிலிருந்த முத்திரையை எடுத்து வாயால் ஊதி, அதன்மேல் ஒன்று. அதே பக்கத்தின் காலிக் கட்டத்தில் கையெழுத்தோடு இன்னொன்று. தானே எழுந்துபோய் வாசல் மேசையில் படிவம் வாங்கிக்கொண்டிருந்த ஆசிரியப் பயிற்றுநர் காசிலிங்கத்திடம் நீட்டினார்.

காசிலிங்கம் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சார், அடித்தல் திருத்தல் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே."

"விண்ணப்பதாரர் செய்யக் கூடாது. நான் விண்ணப்பதாரரா? தலைமை ஆசிரியர் சான்றொப்பம் போட்டிருக்கேன். செல்லாதுன்னா எந்த விதி, எந்த அரசாணைன்னு எழுதிக் கொடுங்க. இங்கயே உக்காந்திருக்கேன்." குரல் தானாக உயர்ந்துவிட்டது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள், ரத்தினவேலு வெற்றிலை வாயோடு எழுந்து நின்றுகொண்டார், பழைய பழக்கம். காசிலிங்கத்துக்கு அவரைத் தெரியும். "எழுதிக் கொடுக்கறதெல்லாம் வேணாம் சார், எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்" என்று கோட்டுக்காரனின் பையை இழுத்தார். இழுத்தவர் புள்ளி வைத்த வரியின்மேல் கண்ணை ஓட்டினார். நிறுத்தினார். வாய்விட்டே படித்தார், பள்ளி இருக்கிறது என்பதும் என்று தொடங்கி, கடைசிவரை. ரத்தினவேலு மெல்வதை நிறுத்தினார்.

"சார், இது உங்களைப் பத்தியில்ல எழுதியிருக்கு? இதை எதுக்கு இருக்கட்டும்னு…"

"படிச்சிட்டீங்கல்ல?" என்றார் வைரக்கண்ணு. "உள்ள வைங்க."

சாதப் பொட்டலங்களைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். எண்ணெய் விரலில் ஒட்டியது. சுகிர்தா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நன்றி சொல்லப் போகிறாளோ என்று பயமாக இருந்தது. "அந்தச் சின்னப்பொண்ணு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எந்த எழுத்துல வாயை மூடுது, சொல்லு. நீ கிளம்ப இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு."